ஜெர்மனிக்கு வரும் செவிலியர்களே, வீட்டைப் பற்றியும் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியில் செவிலியர் வேலைவாய்ப்பு பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை என் நாத்தனார் கோவில்பட்டியிலிருந்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். நல்ல கட்டுரை. மொழித் தேர்வு, சான்றிதழ் அங்கீகாரம், சம்பளம், விமான டிக்கெட் யார் செலவு என்பது வரை விளக்கியிருந்தீர்கள். ஆனால் வீடு என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை. நாத்தனாரும் நர்சிங் முடித்தவள், இங்கே வர ஆசைப்படுகிறவள். அவளுக்கு எழுத ஆரம்பித்த கடிதம்தான் இது. அவளைப் போல இன்னும் எத்தனையோ பேர் அந்தக் கட்டுரையைக் கத்தரித்து வைத்திருப்பார்கள் என்று தோன்றியது, அதனால் தங்களுக்கே அனுப்புகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 2023 அக்டோபரில் ஸ்டுட்கார்ட் வந்து சேர்ந்தேன். கணவரும் மகளும் ஊரில் இருந்தார்கள். மருத்துவமனைக்குச் சொந்தமான ஊழியர் விடுதியில் 16 சதுர மீட்டரில் ஓர் அறை கொடுத்தார்கள். நாலு பேருக்குப் பொதுவாக ஒரு சமையலறை. மாதம் 380 யூரோ. அறை சுத்தமாக இருந்தது, ஜன்னலைத் திறந்தால் திராட்சைத் தோட்டம் தெரிந்தது, நிம்மதியாக இருந்தேன். ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் இரண்டு வரிகள் இருந்ததை வந்து மூன்று மாதம் கழித்துத்தான் உட்கார்ந்து படித்தேன். விடுதியில் ஓராண்டுதான் தங்கலாம். குடும்பத்தினர் தங்க அனுமதி இல்லை. ஊரில் கையெழுத்துப் போட்டபோது ஏஜென்சியில் இருந்தவர், “தங்குமிடம் உண்டு சிஸ்டர், கவலைப்படாதீங்க” என்று சொன்னது உண்மைதான். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

2024 பிப்ரவரியில் தேட ஆரம்பித்தேன். வீடு கிடைத்தது நவம்பரில். நடுவே 143 இடங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினேன், 11 வீடுகளைப் போய்ப் பார்த்தேன். எண்ணிக்கை எப்படித் தெரியும் என்றால், வார்டில் மருந்துக் கணக்கு எழுதிய பழக்கத்தில் இதற்கும் ஒரு நோட்டுப் போட்டிருந்தேன். தேதி, இடம், வாடகை, என்ன பதில் என்று நாலு கட்டம். கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரு சின்னக் கோடுதான் இருக்கும். பதிலே வரவில்லை என்று அர்த்தம். வேண்டாம் என்று எழுதியவர்களுக்குக்கூட எனக்கு நன்றி சொல்லத் தோன்றும்.

இங்கே வீடு தேடுவது நம்மூர் மாதிரி இல்லை. நம்மூரில் டு-லெட் போர்டு பார்த்து, போன் போட்டு, வீட்டைப் பார்த்து, பிடித்திருந்தால் அன்றைக்கே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடலாம். இங்கே வேலைக்கு விண்ணப்பிப்பது போல விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் யார், குடும்பத்தில் எத்தனை பேர், என்ன வேலை, கையில் வாங்கும் சம்பளம் எவ்வளவு, நாய் பூனை உண்டா, இசைக்கருவி வாசிப்பீர்களா என்பது வரை ஒரு படிவம். அதோடு மூன்று மாதச் சம்பளச் சீட்டு, வேலை ஒப்பந்தம், பாஸ்போர்ட், வசிப்பு அனுமதி அட்டையின் நகல், முன்பு குடியிருந்த வீட்டில் வாடகை பாக்கி இல்லை என்று அந்த வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்த கடிதம். எல்லாவற்றுக்கும் மேலே ஷூஃபா. கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று கணக்கு வைக்கும் நிறுவனம் அது, நம்மூர் சிபில் மாதிரி. புதிதாக வந்தவருக்கு அதில் கெட்ட பெயரும் இருக்காது, நல்ல பெயரும் இருக்காது. வெற்றுத் தாளைப் பார்த்தால் வீட்டுக்காரருக்குத் தயக்கம்தானே வரும்? வங்கிக் கணக்கு தொடங்கி, சம்பளம் ஏறி, போன் பில் கட்டிக் கொஞ்ச காலம் ஆன பிறகுதான் அந்தத் தாளில் நாலு வரி சேர்ந்தது.

வாடகையிலும் இரண்டு வகை உண்டு. கால்ட்மீட்டே என்றால் குளிர் வாடகை, வீட்டுக்கு மட்டும். வார்ம்மீட்டே என்றால் சூடான வாடகை, அதில் தண்ணீர், குப்பை, படிக்கட்டு விளக்கு, பெரும்பாலும் ஹீட்டர் செலவும் சேரும். மின்சாரமும் இன்டர்நெட்டும் பொதுவாக இரண்டிலும் வராது. விளம்பரத்தில் கண்ணில் படுவது குளிர் வாடகை. கையை விட்டுப் போவது சூடான வாடகை. அந்தச் செலவுகளும் முன்பணம்தான், வருடக் கடைசியில் கணக்குப் பார்த்து மிச்சத்தைக் கேட்பார்கள். எனக்கு முதல் கணக்கில் 212 யூரோ கூடுதலாக வந்தது. அப்புறம், நாம் டூ பெட்ரூம் என்று சொல்வதை இங்கே மூன்று அறை வீடு என்பார்கள். ஹாலும் ஓர் அறைக் கணக்கு, சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. இது தெரியாமல் முதல் ஒரு மாதம் இரண்டு அறை வீடுகளுக்கு, மகளுக்குத் தனி அறை உண்டு என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்தேன்.

சூடான வாடகை கைச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று பல வீட்டுக்காரர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் சான்றிதழுக்கு இங்கே முழு அங்கீகாரம் வரும்வரை உதவியாளர் சம்பளம்தான். எனக்குக் கையில் சுமார் 1,950 யூரோ வந்தது. அந்தக் கணக்குப்படி 650 யூரோவுக்குள் வீடு பார்க்க வேண்டும். ஸ்டுட்கார்ட் நகருக்குள் மூன்று பேர் குடும்பத்துக்கு அந்த விலையில் நான் ஒரு வீடும் காணவில்லை. வேலையில் முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலம் வேறு. அது முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். அது முடிந்ததும், உங்கள் வசிப்பு அனுமதி எந்தத் தேதியோடு முடிகிறது என்று கேட்டார்கள். தங்கள் கட்டுரையில் போட்டிருந்த சம்பளம் அங்கீகாரம் கிடைத்த பிறகு வாங்குவது. அதுவும் பிடித்தம் போவதற்கு முன்பு உள்ள தொகை. இதையும் ஒரு வரி சேர்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நம் பெயரே ஒரு சிக்கல். நமக்குக் குடும்பப்பெயர் கிடையாது. என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர். கணவர் பாஸ்போர்ட்டில் மாமனார் பெயர். மகளுக்குக் கணவரின் பெயர். மூன்று பேருக்கும் மூன்று குடும்பப்பெயர். படிவத்தைப் பார்த்த ஒரு வீட்டு நிர்வாக அலுவலகத்தில், நீங்கள் உண்மையிலேயே ஒரே குடும்பமா என்று கேட்டார்கள். திருமணச் சான்றிதழின் மொழிபெயர்ப்பைக் காட்டிய பிறகும் அந்த அம்மாளுக்குச் சந்தேகம் தீரவில்லை. இனி கிளம்புகிறவர்கள் திருமணச் சான்றிதழையும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழையும் அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஜெர்மன் மொழியில் வாங்கிக்கொண்டு வாருங்கள். அங்கேயே முடித்துக்கொண்டு வந்தால் இங்கே அலைச்சல் குறையும்.

ஏப்ரலில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு ஃபாயர்பாக் பகுதியில் ஒரு வீட்டுக்குப் போன் செய்தேன். என் ஜெர்மன் தடுமாறும், ஆனால் புரியும்படி பேசுவேன். பெயரைச் சொன்னதும், வீடு போய்விட்டது என்று வைத்துவிட்டார். பக்கத்தில் இருந்த ஜெர்மன் சக ஊழியர் ஒருவர் முகம் சிவந்துபோய்த் தன் போனை எடுத்தார். பத்தரை மணிக்கு அதே எண்ணுக்குப் பேசினார். சனிக்கிழமை வந்து பாருங்கள் என்று அவருக்கு நேரம் கொடுத்தார்கள். இன்னார் என்று பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று 2006-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. புகார் கொடுக்கலாம், நான் சாட்சி சொல்கிறேன் என்றார் அவர். அன்றைக்கு எனக்கு மாலை ஷிஃப்ட். மனதில் தெம்பில்லை, விட்டுவிட்டேன். அவருக்கு என் நன்றி என்றைக்கும் உண்டு. புகார் கொடுக்காமல் விட்டது இன்னும் உறுத்துகிறது.

இப்போது சொல்லப்போவதைக் கணவரிடம் சொல்லவே எனக்கு எட்டு நாள் ஆயிற்று. ஜூன் மாதம். இன்னும் நாலு மாதத்தில் விடுதி அறையைக் காலி செய்ய வேண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து படுக்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பாட் கான்ஷ்டாட்டில் 62 சதுர மீட்டர், எல்லாம் சேர்த்து 580 யூரோ. படங்களில் வெள்ளைச் சமையலறை, மரத்தரை, குழந்தைக் கட்டில்கூட இருந்தது. எழுதிய கால் மணி நேரத்தில் பதில் வந்துவிட்டது. அத்தனை மாதத்தில் எனக்கு யாரும் அவ்வளவு மரியாதையாக எழுதியதில்லை. தான் வேலை காரணமாக இங்கிலாந்தில் இருப்பதாகவும், வீட்டைப் பார்த்துக்கொள்ள ஒரு நல்ல குடும்பம் போதும் என்றும், செவிலியர் என்றால் தனக்குப் பெரிய மதிப்பு என்றும் எழுதியிருந்தார். தன் பாஸ்போர்ட் நகலை அனுப்பினார், என்னுடையதையும் கேட்டார். அனுப்பினேன். சாவியைக் கூரியரில் அனுப்புவதாகவும், அதற்கு முன் இரண்டு மாத வாடகையைக் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். பிடிக்காவிட்டால் பணம் திரும்பி வரும் என்றார். 1,160 யூரோ. நம்மூர்ப் பணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல். அனுப்பிவிட்டேன்.

சாவி வரவில்லை. மூன்றாம் நாள் அந்த முகவரிக்கே போனேன். இரண்டாம் மாடியில் ஒரு கிழவர் கதவைத் திறந்தார். இருபது வருடமாக அங்கே குடியிருப்பவர். இந்த மாதத்தில் நீ மூன்றாவது ஆள் அம்மா என்று சொல்லிவிட்டு, உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தார். அந்தச் சமையலறை வெள்ளையாக இல்லை. நடுங்கும் கையோடு அந்த டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

போலீசில் புகார் கொடுத்தேன். பொறுமையாக எழுதிக்கொண்டார்கள், பணம் திரும்பி வரவில்லை. அதைவிடப் பெரிய பயம், என் பாஸ்போர்ட் நகல் அவர்கள் கையில் இருக்கிறது. அதை வைத்து என் பெயரில் அடுத்தவரை ஏமாற்றலாம் என்று போலீஸ்காரரே சொன்னார். அதனால் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டை நேரில் பார்க்காமல் ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள். உங்களால் போக முடியாவிட்டால் தெரிந்தவர் ஒருவரை அனுப்பிப் பாருங்கள். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், சாவி தபாலில் வரும் என்று யார் சொன்னாலும் அத்தோடு விட்டுவிடுங்கள். முதலிலேயே பாஸ்போர்ட்டை அனுப்ப வேண்டாம், வீட்டைப் பார்த்து இரு தரப்பும் சரி என்ற பிறகு காட்டினால் போதும். நகல் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அதன் குறுக்கே எதற்காக, யாருக்காக என்று பேனாவால் எழுதிக் கொடுங்கள். ஊரில் இருக்கும் அம்மா அப்பாமாருக்கும் ஒரு வார்த்தை. இன்னும் வீடு கிடைக்கவில்லையா என்று தினம் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத ஒரு காலையில்தான் நான் அந்தப் பணத்தை அனுப்பினேன்.

அவசரத்தில் செய்யக்கூடாத இன்னொன்றும் உண்டு. தேனியிலிருந்து வந்த ஒரு தங்கச்சி, ஒரு வீட்டில் உள்வாடகைக்கு அறை எடுத்தாள். வீட்டுக்காரர் போட்ட நிபந்தனை, இந்த முகவரியில் பதிவு செய்யக் கூடாது என்பது. இந்த நாட்டில் குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட ஒரு படிவம் வேண்டும். அந்தப் பதிவு இருந்தால்தான் வரி எண் தபாலில் வரும். வரி எண் இல்லாவிட்டால் ஆறாம் வகுப்பு வரி, சம்பளத்தில் பெரிய துண்டு போய்விடும். வசிப்பு அனுமதி, குழந்தைக்குப் பள்ளிக்கூடம் என்று எல்லாமே அந்த முகவரியைப் பிடித்துத்தான் நிற்கிறது. அவளுக்கு மாதாமாதம் வாடகைக்கு மேல் வரியிலும் போயிற்று. பதிவு செய்ய விடாத இடம் எவ்வளவு மலிவு என்றாலும் வேண்டாம்.

விடுதிக்கு நாலு நிறுத்தம் தள்ளி ஒரு தமிழ்க் கடை இருக்கிறது. நடத்துகிறவர் யாழ்ப்பாணத்து அக்கா. 1980-களின் நடுவில் அகதியாக வந்து, முகாமில் இருந்து, இந்த மண்ணில் வேர்விட்டவர். ஜூலையில் கறிவேப்பிலை வாங்கப் போனபோது என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். நடந்ததை அவரிடம்தான் கொட்டினேன். “பிள்ளை, இப்பிடித் தனிய நெட்டிலை தேடிக்கொண்டிருந்தா வீடு வராது. கண்ட ஆக்களிட்டை எல்லாம் வாயைத் திறந்து சொல்லுங்கோ. எங்களுக்கும் அப்பிடித்தான் கிடைச்சது” என்றார். வீடு இல்லை என்று சொல்வதே கௌரவக் குறைச்சல் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றிலிருந்து எல்லோரிடமும் சொன்னேன். ஊழியர் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினேன். தாதியர் தலைவியிடம் சொன்னேன், ரொட்டிக் கடையில் சொன்னேன், மகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்த துருக்கிக்காரத் தையல்காரரிடமும் சொன்னேன். தலைவி நிர்வாகத்திடம் பேசி விடுதி அறையைக் கூடுதலாக இரண்டு மாதம் வாங்கிக் கொடுத்தார்.

அக்டோபர் கடைசியில் எங்கள் வார்டைத் துப்புரவு செய்யும் குரோஷியப் பெண்மணி என்னைத் தேடி வந்தார். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் மேல்மாடி காலியாகிறது, இன்னும் விளம்பரம் கொடுக்கவில்லை, உடனே வா என்றார். ப்ளோஹிங்கன் என்ற ஊர், எஸ்-1 ரயிலில் ஸ்டுட்கார்ட்டிலிருந்து சுமார் அரை மணி நேரம். வீட்டுக்காரம்மாவுக்கு 78 வயது, கணவரை இழந்தவர். என் ஃபைலை வாங்கி மேசைமேல் வைத்தார், திறக்கவே இல்லை. படிக்கட்டைக் காட்டினார். அடியிலிருந்து மேல்வரை மரப்படி, மூலையில் துடைப்பமும் வாளியும். இந்தப் பக்கத்தில் கேர்வோகே என்று ஒரு வழக்கம் உண்டு. குடியிருப்பவர்கள் முறை வைத்து, வாரம் ஒரு வீட்டார் பொதுப் படிக்கட்டையும் வாசலையும் பெருக்கித் துடைக்க வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு சின்ன மரப்பலகை தொங்கும். செய்வாயா என்று கேட்டார். எங்கள் ஊரில் விடிவதற்குள் வாசல் பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கோலம் போடாவிட்டால் அம்மா காபி தரமாட்டார் என்று சொன்னேன். கோலம் என்றால் என்ன என்று கேட்டார். போனில் என் மகள் மார்கழியில் போட்ட கோலத்தைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

அப்புறம்தான் என்ன வேலை என்று கேட்டார். செவிலியர், இரவு ஷிஃப்ட் உண்டு, நேரம் கெட்ட நேரத்தில் வருவேன் போவேன், அதில் உங்களுக்குச் சிரமம் இருக்குமா என்று நானே முந்திக்கொண்டு கேட்டேன். காரணம் இருந்தது. சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்த்தபோது, நைட் டியூட்டி போகிற பெண்ணுக்கு வீடு கொடுப்பதில்லை என்று என்னைத் திருப்பி அனுப்பியவர்கள் மூன்று பேர். அதனாலேயே அங்கே இருந்த ஆறு வருடமும் ஹாஸ்டலில் கழிந்தது. இந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தன் கணவர் கடைசி நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்ததையும், ராத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த ஒரு நர்ஸையும் பற்றிச் சொன்னார். அந்தப் பெண் எந்த நாட்டுக்காரி என்று தெரியாது, பெயர் மட்டும் தெரியும் என்றார். பிறகு என் ஃபைலைத் திறந்து, எல்லாப் பக்கத்தையும் ஒன்று விடாமல் படித்தார். மறுநாள் போன் வந்தது.

54 சதுர மீட்டர், இரண்டு அறை. குளிர் வாடகை 690, மற்ற செலவு 180, ஆக 870 யூரோ. அதற்குள் எனக்கு அங்கீகாரம் கிடைத்துச் சம்பளம் ஏறியிருந்தது, இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு கணக்கைத் தாண்டியதுதான். அவர் அந்தக் கணக்கைப் பார்க்கவில்லை. அட்வான்ஸ் இங்கே அதிகபட்சம் மூன்று மாதக் குளிர் வாடகை, எனக்கு 2,070 யூரோ. நம் தமிழ்நாட்டிலும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. நடப்பில் எப்படி என்று வாசகர்களுக்குத் தெரியும். இங்கே அதை மூன்று மாதத் தவணையாகக் கட்டவும் சட்டத்தில் இடம் உண்டு. வாடகைதாரர் சங்கத்தில் ஆண்டுச் சந்தா கட்டிச் சேர்ந்தபோது அங்கிருந்த ஆலோசகர் சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். வீட்டுக்காரம்மாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் மகன் சரிபார்த்துவிட்டு, ஆமாம் அவருக்கு உரிமை உண்டு என்றார். ஏஜென்ட் கமிஷனும் அப்படித்தான். 2015 ஜூன் முதல், ஏஜென்டை யார் அமர்த்தினாரோ அவரே கமிஷன் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரர் வைத்த ஏஜென்ட் உங்களிடம் பணம் கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. என்னிடம் ஒருவர், ஃபைலை மேலே வைக்க 200 யூரோ ரொக்கம் கேட்டார். எழுந்து வந்துவிட்டேன்.

சாவி வாங்கிய அன்று கதவைத் திறந்தால் சமையலறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழாயும், அடுப்புக்கான மின் இணைப்பும் மட்டும் இருந்தன. இங்கே பல வீடுகளில் அப்படித்தான். சமையல் மேடை, சிங்க், அடுப்பு, அலமாரி எல்லாம் முன்பு இருந்தவரின் சொந்தம், கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். விளக்கும் அப்படியே. கூரையிலிருந்து பழுப்பு, நீலம், பச்சை மஞ்சள் என மூன்று ஒயர்கள் தொங்கின. முதல் மூன்று வாரம் அட்டைப்பெட்டிமேல் ஓர் ஒற்றை இண்டக்‌ஷன் அடுப்பை வைத்துச் சோறு பொங்கினேன். பழைய சமையலறை ஒன்றை 450 யூரோவுக்கு வாங்கி, குரோஷியப் பெண்மணியின் கணவர் பொருத்திக் கொடுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். நாலு நாள் வத்தக்குழம்பும் அப்பளமும் செய்து கொடுத்து அனுப்பினேன். ஆகவே கையில் அட்வான்ஸுக்கு வைத்திருக்கும் பணத்தோடு இன்னும் ஓர் ஆயிரம் யூரோவாவது சேர்த்து வையுங்கள். குடிபுகும் அன்றே சுவரில் உள்ள ஒவ்வொரு கீறலையும் போட்டோ எடுத்து, மீட்டர் எண்களைக் குறித்து, அந்த ஒப்படைப்புத் தாளில் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். காலி செய்யும்போது அட்வான்ஸ் முழுசாகத் திரும்புவது அந்தத் தாளை நம்பித்தான்.

தபால் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் பெயர் எழுதி ஒட்டாவிட்டால் இங்கே கடிதம் வராது. என் பெயர்ச்சீட்டை வீட்டுக்காரம்மாவே அச்சடித்துக் கொண்டுவந்தார். குடும்பப்பெயரை மட்டும் போடுவது இங்கே வழக்கம். அதில் இருந்தது என் அப்பாவின் பெயர். தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்து, வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டில் இருந்து, 2016-இல் வாடகை வீட்டிலேயே கண்மூடியவர். 2025 பிப்ரவரியில் கணவரும் மகளும் வந்த பிறகு இன்னும் இரண்டு பெயர்கள் அதன்கீழ் சேர்ந்தன. மூன்று வேறு பெயர்கள் ஒரே பெட்டியில் இருப்பதைத் தபால்காரர் ஒருநாள் கேட்டார். விளக்கிச் சொன்னேன், நல்ல வழக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார். மகள் இப்போது இங்கே பள்ளிக்கூடம் போகிறாள். எங்கள் முறை வரும் வாரம், கதவில் பலகையைத் தொங்கவிடுவது அவள் வேலை.

ஆசிரியர் ஐயா, எனக்கு வழிகாட்டியவர்கள் நல்லவர்கள், அதனால் கரையேறினேன். எல்லோருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது. ஆகவே என் வேண்டுகோள் இது. இனி வெளிநாட்டுச் செவிலியர் வேலை பற்றித் தாங்கள் எழுதும்போது, ஏஜென்சியிடமும் மருத்துவமனையிடமும் கேட்க வேண்டியதாக இவற்றையும் போடுங்கள். தங்குமிடம் எத்தனை மாதத்துக்கு? வாடகை எவ்வளவு, சம்பளத்தில் பிடிப்பார்களா? அந்த முகவரியில் பதிவு செய்யலாமா? கணவரும் குழந்தையும் வந்தால் தங்கலாமா? கெடு முடிந்து வீடு கிடைக்காவிட்டால் நீட்டித்துத் தருவார்களா? பதிலை வாயால் சொன்னால் போதாது, கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்திலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். இதை நான் கேட்டிருந்தால், வந்து இறங்கிய முதல் வாரமே தேட ஆரம்பித்திருப்பேன். ஜூன் மாதம் அந்தக் கிழவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்க மாட்டேன்.

என் நாத்தனாருக்கு அடுத்த மாதம் மொழித் தேர்வு. நேற்று இரவு போனில் பேசியபோது, அந்த ஏஜென்சியில் இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுவிட்டதாகவும், இரண்டுக்குத்தான் பதில் வந்தது என்றும் சொன்னாள். மீதி மூன்றுக்கும் எழுத்தில் பதில் வரும்வரை கையெழுத்துப் போடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
கோவில்பட்டியில் பிறந்து, இப்போது ஜெர்மனியின் ப்ளோஹிங்கனில் வசிக்கும் ஒரு செவிலியர்